சட்டெனக் கறக்கும் பசுவா, நிதானமாகக் கறக்கும் பசுவா?

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் பனையோலைக் கொட்டகையில் இரண்டு ஜெர்சி கலப்புப் பசுக்கள். ஒன்று காம்பைத் தொட்டதும் சர்ரென்று பாலை விடும். மற்றொன்றைக் கறந்து முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகும்.

வித்தியாசம் பெரும்பாலும் காம்பு நுனியில் இருக்கிறது. துளையை மூடும் வளையத் தசை தளர்வாக இருந்தால் பால் பீய்ச்சும். இறுக்கமாக இருந்தால் நூலாக வரும். பல ஜீன்கள் சேர்ந்த குணம் இது. தாய், காளை இரண்டு வழியாகவும் ஓரளவு கன்றுக்கு இறங்கும்.

கைக்கறவைக்கு வேகம் பெரிய வரம். மடியைத் தடவியதும் சுரக்கும், பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் சில நிமிடங்களே வேலை செய்யும். மெதுவான மாட்டில் கொழுப்பு மிகுந்த கடைசிப் பால் மடியிலேயே தங்கிவிடும்.

சரி, வேகமே போதுமா? விடியலில் அந்த வேகமான பசு படுத்த மணலில் பால் ஈரம் இருக்கும். பால் ஒழுகும் துளை கிருமிக்கும் வாசல். மடிநோய் பயம் கூட.

என் தேர்வு வேகமான பசுவின் கிடேரிதான், ஆனால் ஒழுகாத மடி வேண்டும். கறந்த பிறகு காம்புத் துளை மூடக் குறைந்தது 30 நிமிடம் ஆகும். அதுவரை தீவனம் போட்டு நிற்க வைக்கிறேன்.