கண்ணகையா, நக்கண்ணையா, வள்ளியம்மையா?

‘ஷிகா’, ‘ஷனா’ என முடியும் பெயர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மலிந்துவிட்டதால், மகளுக்குப் பழைய பெயரொன்றை வைக்க விரும்பும் பெற்றோர் இப்போது ஆங்காங்கே தென்படுகின்றனர். அவர்கள் முன் மூன்று வழிகள் உள்ளன: மண்ணின் தெய்வங்கள் அல்லது அரசிகளின் பெயர், சங்கப் பெண்பாற் புலவர் பெயர், அம்மம்மாவின் பெயர்.

முதல் வழியில் கண்ணகையே முன்னிற்கிறாள். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் எனக் கரை நெடுகிலும் அவளுக்குக் கோயில்கள் உண்டு; வைகாசிச் சடங்கில் அவள் கதையைப் பாடும் வழக்குரை கேட்டு வளர்ந்த ஊரில் இப்பெயருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. எனினும், கணவனை இழந்தவளின் பெயரைக் குழந்தைக்கு இடுவதா என்று மூத்தவர்கள் தயங்குவார்கள். பாண்டிருப்பில் கோயில் கொண்ட திரௌபதையின் பெயருக்கும் தயக்கம் உண்டு, பள்ளிக்கூடக் கேலி வேறு. மண்முனையோடு சேர்த்துச் சொல்லப்படும் அரசி உலகநாச்சியின் பெயரில் அத்தகைய பாரம் ஏதுமில்லை. கம்பீரமான பெயர்; வீட்டில் ‘நாச்சி’ என்று சுருக்கியும் கூப்பிடலாம்.

சங்கப் பெயர்கள் ஏட்டில் அழகாக இருக்கின்றன. போரவைக் கோப்பெருநற்கிள்ளியைக் காதலித்துப் பாடிய நக்கண்ணையும், தன் துணையைத் தேடி விழாக்களெல்லாம் அலைந்ததைக் குறுந்தொகையில் பாடிய ஆதிமந்தியும் நினைவில் வைக்கத்தக்கவர்கள்தாம். ஆனால் நச்செள்ளை போன்ற பெயரை வாசலில் நின்று உரத்துக் கூப்பிட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஆதிமந்தியின் பிற்பாதியோ குரங்கை நினைவூட்டும்; வகுப்புப் பிள்ளைகள் அதை விடமாட்டார்கள்.

என் தெரிவு மூன்றாவது வழியே. வள்ளியம்மை, தெய்வானை, பூமணி, கனகம், பொன்னம்மா ஆகியவை ‘கிழவிப் பெயர்கள்’ என ஒதுக்கப்பட்டவை. ஆனால் ஆடியில் உகந்தைமலை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்துபோகும் மக்களுக்கு வள்ளியும் தெய்வானையும் எப்படிப் பழசாக முடியும்? இதைவிட வலுவான காரணமும் ஒன்றுண்டு. இங்கே குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது, கோயில் உரிமைகள் பலவும் குடிவழியிலேயே பகிரப்படுகின்றன. அப்படியிருந்தும் பிள்ளையின் பெயருக்கு முன்னால் எழுதப்படுவது தகப்பன் பெயர்தான். தாயின் தாயுடைய பெயரைப் பிள்ளைக்கு இட்டால், பத்திரங்களில் இல்லாத அந்த வழி பெயரிலாவது நிற்கும். பொன்னம்மாவை மட்டும் அப்படியே வைக்கத் துணிவு வேண்டும். தயங்குவோர் ‘பொன்னி’ என்று வைக்கலாம்.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கும் இவற்றில் இடமுண்டு. ரோகிணிக்குரிய ஒ, வ, வி, வு என்பவற்றுள் வள்ளியம்மை அடங்கும். கார்த்திகைக்கு உலகநாச்சி, அனுஷத்துக்கு நக்கண்ணை, அத்தத்துக்குப் பூமணி பொருந்தும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே முடிவு செய்து, தாளில் எழுதிப் பதிவாளரிடம் கொடுப்பது நல்லது. பூமணியின் நெட்டெழுத்தை ‘யு’ கொண்டு எழுதுவதா, இரண்டு ‘ஓ’ இட்டு எழுதுவதா என்பதைப் பதிவு மேசையில் நின்று யோசித்தால், பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் கடவுச்சீட்டில் இன்னொன்றுமாக எழுதப்பட்டுப் பிள்ளை பிற்காலத்தில் சத்தியக்கடதாசியோடு அலைய நேரும். முப்பத்தோராம் நாளில் பெயர் வைத்தாலும், பதிவுக்குரிய 42 நாள் முடிய இன்னும் 11 நாள் இருக்கும்.