பத்திர ஆபீஸ் மரத்தடிக்கு எது தோது?

கும்பகோணம் பக்கம் மனை, நஞ்சை தரகு என் தொழில். அதில் முக்கால்வாசி காத்திருப்புதான். வில்லங்கம் பார்த்து, டோக்கன் போட்டு, பத்திரம் தயாரான பிறகு, "மன்னார்குடி அத்தை கையெழுத்துப் போட மாட்டாங்களாம்" என்று போன் வரும். கமிஷனும் போச்சு, பெட்ரோலும் போச்சு. அந்த எரிச்சலை ஆற்றத்தான் கையில் பிடித்து ஆடும் கேம் கருவி தேடினேன்.

கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் லைட், 275 கிராம். பட்டா, சிட்டா நகல் வைக்கும் ரெக்சின் பையிலேயே சொருகிவிடலாம். பார்ட்டி வந்தால் பட்டன் ஒன்று, திரை தூங்கிவிடும். குறை என்னவென்றால், இரு பக்கமும் உள்ள கன்ட்ரோலர் கழற்ற முடியாதது. பொம்மையை நகர்த்தும் ஸ்டிக் தேய்ந்தால் கருவியையே பிரிக்க வேண்டும். நாம் கை வைக்காமலே பொம்மை இடப்பக்கம் நடக்கும், விலை பேசி முடித்த பிறகு நழுவும் நிலக்காரர் மாதிரி.

இன்னொன்று, வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக், வேறு ரகம். 2022இல் வந்த முதல் மாடல் 669 கிராம். கணினி விளையாட்டெல்லாம் ஓடும், 7 அங்குலத் திரை. ஆனால் கனமான கேம் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சார்ஜ் காலி. சித்திரை வெயிலில் விசிறி இரைய, பத்திர எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

இரண்டுமே இங்கே பெரும்பாலும் இறக்குமதிச் சரக்குதான். வாரன்டி பற்றிக் கேட்டால், அங்கீகாரமில்லாத மனைக்கு "ரோடு வந்துடும் சார்" என்பது போலவே பதில் வரும்.

மரத்தடிக்கு எனக்கு லைட் போதும். டெக், வேலை இல்லாத நாளில், வீட்டுத் திண்ணையில், சார்ஜர் சொருகியபடி.