சாம்பாட்ரோமில் எங்கே உட்காரலாம்?

ரியோ டி ஜெனிரோ கார்னிவலுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் முதலில் விலையைப் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது மேளக்குழு எங்கே நிற்கும் என்பதை.

ஆஸ்கர் நீமாயர் வடிவமைத்து 1984-இல் திறக்கப்பட்ட சாம்பாட்ரோமில்தான் கார்னிவல் ஊர்வலம் நடக்கும். பேருக்குத்தான் அது அரங்கம். உண்மையில் அது சுமார் 700 மீட்டர் நீளத் தெரு; இருபுறமும் கான்கிரீட் படிகள். ஒற்றைப்படை எண் பகுதிகள் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். ஒவ்வொரு சாம்பா பள்ளியும் (பள்ளி என்றால் பாடம் கிடையாது, மதிப்பெண்ணுக்காக ஊர்வலத்தில் போட்டியிடும் பேட்டைக்காரர்களின் சங்கம்) ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்வலம் போகும். அதில் இருநூற்றுக்கும் அதிகமான மேளக்காரர்கள் 9, 11 பகுதிகளுக்கு இடையே உள்ள ஒதுக்கிடத்தில் புகுந்து, மற்றவர்கள் கடக்கும்வரை நின்ற இடத்திலேயே வாசிப்பார்கள். பெரிய சுர்தோ முழவின் அடி நெஞ்சில் வந்து விழும்.

ஆகவே போட்டி 9-க்கும் 11-க்கும்தான். 9-இல் இருக்கைக்கு எண் உண்டு, நிதானமாக வரலாம். ஆனால் சுற்றிலும் வெளிநாட்டுப் பயணிகள், பாட்டு யாருக்கும் தெரியாது. 11-இல் முந்தி வந்தவருக்கே இடம். வெயிலோடு வந்து படியைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வரி தவறாமல் பாடுவார். என் ஓட்டு 11-க்கு.

தரைமட்டப் பெட்டி இருக்கையில் ஆடுபவர் முகத்து வியர்வைகூடத் தெரியும். ஊர்வலத்தின் மொத்த வடிவம் தெரியாது. குளிர்சாதன விருந்து மாடங்களில் சாப்பாடு, குடி, தனிக் கச்சேரி எல்லாம் உண்டு. ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டி நிற்க அவ்வளவு பணம் எதற்கு? கடைக்கோடி 12, 13 மலிவுதான். ஆனால் தூரம் அதிகம்; நேரம் மீறினால் மதிப்பெண் போகும் என்று பள்ளிகள் அங்கே ஓட்டமும் நடையுமாக வந்து சேர்வதும் உண்டு.

கையில் காசு குறைவா? கார்னிவலுக்கு முந்தைய வார இறுதிகளில் நடக்கும் ஒத்திகைக்குக் கட்டணமில்லை. முழு உடையலங்காரமும் பெரிய ஊர்திகளும் இராது, மேளமும் பாட்டும் முழுசாக இருக்கும். எல்லாம் சேர்ந்து வேண்டுமென்றால் கார்னிவல் முடிந்த சனிக்கிழமை, முதல் ஆறு இடம் பிடித்த பள்ளிகள் மறுபடி வருகின்றன. மதிப்பெண் பயம் இல்லாததால் அன்று ஆட்டத்தில் ஒரு தளர்வு. எனக்கு அதுவே பிடிக்கும்.

மெட்ரோவில் ஒற்றைப்படைக்கு சென்ட்ரல், இரட்டைப்படைக்கு பிராசா ஓன்சே. மாறி இறங்கினால் சுற்றி நடக்க வேண்டியதுதான். ஊர்வலத் தெருவைக் குறுக்கே கடக்க விடமாட்டார்கள்.