ஊட்டிக் குளிரில் மலிவு ஆயிலா, விலை கூடிய சிந்தெடிக்கா?

மார்கழி மாதத்தில் ஊட்டியில் ஓடும் காரின் ஆயில் மூடியைத் திருகித் திறந்தால், அதன் அடியில் மோரில் திரண்ட வெண்ணெய் போல மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை ஒட்டியிருப்பதைக் காணலாம். அதைப் பார்த்ததும் ஆயில் மட்டமானது என்று முடிவு கட்டி, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையுள்ள, செயற்கையாகத் தயாரித்த சிந்தெடிக் ஆயிலுக்கு மாறுகிறவர்கள் இங்கே பலர். என் பழைய பெட்ரோல் காரில் இரண்டையும் மாறி மாறி ஊற்றிப் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் இரண்டிலுமே அந்தப் பசை வந்தது.

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலந்து, குளிர்ந்த மூடியில் அந்தப் பசையாகத் திரள்கிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். ஊட்டிக்குள்ளேயே லவ்டேலிலிருந்து சேரிங் கிராஸ் வரை சிறு தூரம் போய் நிறுத்தப்படும் காரில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதேயில்லை. டேஷ்போர்டில் முள் நடுவுக்கு வந்தாலும் அது என்ஜினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட்டின் சூட்டையே காட்டுகிறது, ஆயில் அதற்குப் பின்தங்கித்தான் சூடேறும். கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும், அது ஆயிலில் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டை உடனே சோதிக்க வேண்டும்.

என்ஜினுக்குள் கசடு படியாமல் காப்பதில் பெரும்பங்கு ஆயிலில் கலந்துள்ள டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் ஆகிய சேர்மானங்களுடையது. டிடர்ஜென்ட் அமிலத்தை முறிக்கிறது; டிஸ்பர்சன்ட் கரித்துகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மிதக்க வைக்கிறது. இந்தச் சேர்மானங்கள் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்யும் மலிவான மினரல் ஆயிலிலும் உண்டு என்பதற்கு உறுதி, டப்பாவில் உள்ள ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரம்தான். 2010-இல் வந்த எஸ்என், 2020-இல் வந்த எஸ்பி ஆகிய தரங்களுக்கான சோதனைகளுள் ஒன்றில், ஃபோர்டின் 4.6 லிட்டர் என்ஜினைக் குறைந்த சூட்டில் நகர ஓட்டம் போல 216 மணி நேரம் ஓட்டி, படியும் கசட்டை அளக்கிறார்கள். ஊட்டிக் காரின் நோய்க்கே வைத்த சோதனை போன்றது அது. அந்தத் தரத்தை உண்மையாகவே பெற்ற ஆயில், விலை குறைவு என்பதற்காக என்ஜினை அழுக்காக்கிவிடாது. தரம் எதுவும் அச்சிடாத டப்பாவையும், பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலையும் நான் தொடமாட்டேன். எஸ்ஏ என்ற மிகப் பழைய ஏபிஐ தரத்தை அச்சிட்டிருந்தால் அதில் சேர்மானமே கிடையாது. 1930-க்குப் பிந்தைய என்ஜின்களுக்கு அது ஆகாது.

சிந்தெடிக் வெல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்யும் நேரம்: 5டபிள்யூ-30 ஆயில் வால்வுகள் வரை விரைவாக ஏறிவிடும், 20டபிள்யூ-40 சற்றுத் திணறும். டபிள்யூவுக்கு முன் உள்ள எண் சிறியதாக இருந்தால் ஆயில் குளிரில் எளிதாக ஓடும். மற்றொன்று, புகையின் வேகத்தால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஆளும் சுமையுமாகக் கீழ் கியரில் ஏறி, நிறுத்திய உடனே என்ஜினை அணைத்தால், டர்போ பேரிங்கில் தங்கும் ஆயில் அங்கேயே வெந்துபோகிறது. மினரல் ஆயில் அந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டு அரக்குப் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே டர்போ காருக்கும், கையேடு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் புதிய காருக்கும் 20டபிள்யூ ஆயிலை ஊற்றிச் சிக்கனம் பார்ப்பது நியாயமே இல்லை.

டர்போ இல்லாத, ஊருக்குள்ளேயே ஓடும் பழைய காருக்குக் கையேடு அனுமதித்தால் என் தேர்வு மலிவு ஆயில்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்ற வேண்டும். ஆயிலில் இறங்கிய எரியாத பெட்ரோலையும் அமிலத்தையும் வடித்து வெளியேற்றுவதைவிட நல்ல வழி இல்லை, அதை எந்த விலை ஆயிலும் நமக்காகச் செய்யாது. குன்னூரில் நண்பர் ஒருவரின் காரில் வால்வு கவரைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றேன். தார் போன்ற கசட்டை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் வழித்தெடுத்தார். ஊற்றியிருந்தது விலை உயர்ந்த சிந்தெடிக். மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுத்திருப்பதைக் கண்டும் பலர் பயப்படுகிறார்கள். துணியில் துடைத்தால் கறுப்பாயினும் மெல்லப் பரவினால், டிஸ்பர்சன்ட் தன் வேலையைச் செய்கிறது. பரவாமல் நடுவில் திட்டாக உறைந்து நின்றால் மாற்றும் காலம் கடந்துவிட்டது.

போன தை மாதம் மூடியில் பசை கண்டபோது ஆயிலை மாற்றாமல், துடைத்துவிட்டு மேட்டுப்பாளையம் வரை போய்வந்தேன். இறக்கத்தில் என்ஜினுக்கு அதிக வேலை இல்லை; கல்லாறு தாண்டித் திரும்ப ஏறும்போதுதான் ஆயில் முழுச் சூட்டுக்கு வந்தது. மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது அடியில் ஆயிலின் மெல்லிய பூச்சு மட்டுமே இருந்தது. ஊற்றியிருந்தது மலிவு ஆயில்.