குக்கூ கடிகாரம்: முகத்தைப் பார்ப்பதா, முதுகைப் பார்ப்பதா?

மணியடிக்கும்போது ஒரு சின்னப் பறவை எட்டிப்பார்த்துக் கூவுமே, அந்தப் பழைய குக்கூ கடிகாரங்கள் இரண்டை அடுத்தடுத்து மாட்டிவைத்தால் கண் முதலில் பெரியதின் மேல்தான் போகும். உச்சியில் கொம்புள்ள மான் தலை, குறுக்கே இரண்டு துப்பாக்கிகள், ஒரு பக்கம் தொங்கும் முயல், மறுபக்கம் ஒரு பறவை. பக்கத்தில் இருப்பதோ கறுத்துப்போன சின்ன வீடு: கூரை, ஓரத்தில் திராட்சைக் கொடி, மெலிந்த வெள்ளை முட்கள். எது விலை உயர்ந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் மான் தலையைக் காட்டுவார்கள். பல நேரங்களில் அது தவறான விடை.

இரண்டுமே சுவிட்சர்லாந்துப் பிள்ளைகள் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அப்படியல்ல. இரண்டும் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் பிறந்தவை. 1850-இல் ஃபுர்ட்வாங்கன் கடிகாரப் பள்ளியின் தலைவர் ராபர்ட் கெர்விக் புதிய வடிவங்கள் கேட்டு ஒரு போட்டி அறிவித்தார். ரயில்வே கட்டடங்களை வடிவமைத்துவந்த ஃப்ரீட்ரிக் ஐசன்லோர், இருப்புப்பாதைக் காவலரின் வீட்டையே கடிகாரமாக வரைந்து அனுப்பினார். அந்தச் சின்ன வீடு இப்படித்தான் வந்தது. வேட்டைக் காட்சி வடிவம் 1861-இல் அதே ஊரில் உருவானது. ஆனால் அதை இன்றுவரை விடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே மான் தலையைப் பார்த்து வயதைக் கணிக்க முடியாது. 1861-க்கு முந்தியதல்ல என்பதற்கு மேல் வடிவம் எதையும் சொல்லாது.

உண்மை முதுகில் இருக்கிறது. எடைகளைக் கழற்றி, சங்கிலிகள் நழுவாதபடி ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டு, பின்பலகையைத் திறந்து பாருங்கள். (கட்டாமல் தலைகீழாகக் கவிழ்த்தால் சங்கிலி பல்லைவிட்டு இறங்கிவிடும், நல்ல கடிகாரம்கூட அன்றே பழுதான கடிகாரம் ஆகிவிடும்.) பித்தளைச் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் மரமாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம், பெரும்பாலும் அது 19-ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். பித்தளைத் தகடு என்றாலே புதிது என்று சொல்லிவிடவும் கூடாது, பழையவற்றிலும் உண்டு. அப்போது துருத்திகளைப் பார்க்க வேண்டும். "குக்" என்பதற்கு ஒன்று, "கூ" என்பதற்கு ஒன்று என இரண்டு மரக்குழல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துருத்தி. துருத்தியின் மேல்மூடியோ கூவும் பறவையோ பிளாஸ்டிக் என்றால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது அல்லது பிற்காலத்தில் கைவைக்கப்பட்டது. கூட்டல் குறிபோல் பள்ளமுள்ள திருகாணிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அது 1930-களுக்கு முன் கிடையாது.

முட்களுக்கு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். எலும்பில் செதுக்கியதில் நுண்ணிய கருந்துளைகளும் கோடுகளும் தெரியும்; பிளாஸ்டிக்கில் வழவழப்பும் அச்சின் விளிம்பும்தான். ஐசன்பாக்கைச் சேர்ந்த யோஹான் பாப்டிஸ்ட் பேஹா 1862 வாக்கில் எலும்பு முட்களையும் ஊசியிலை மரக்காய் வடிவ எடைகளையும் தம் கடிகாரங்களில் சேர்க்கத் தொடங்கினார். அவருடைய வேலை என்று உறுதியானால் மதிப்பு வேறு படிக்கட்டுக்குப் போய்விடும்.

எழுத்து இருந்தால் வேலை சுலபம். "மேற்கு ஜெர்மனி" என்ற முத்திரை 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. வெறும் "ஜெர்மனி" என்றால் குழப்பம்தான்: பிரிட்டன் 1887-இலும் அமெரிக்கா 1891-இலும் பிறந்த நாட்டைக் குறிக்கச் சொன்ன பிறகு அது எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். ரெகுலா, ஹூபர்ட் ஹெர், ஷாட்ஸ் போன்ற பெயர்களைத் தகட்டில் கண்டு பலர் மகிழ்ந்துபோகிறார்கள். உள்ளிருக்கும் மெஷினைச் செய்தவர் பெயர் அது. கூட்டைச் செய்தவர் வேறொருவராக இருக்கலாம்.

அடுத்து, தினசரி இழுப்பதா, வாரம் ஒருமுறை இழுப்பதா? ஒருநாள் கடிகாரத்தின் எடைகள் கையில் லேசாக இருக்கும், முந்நூறு கிராம் சுமார். எட்டுநாள் கடிகாரத்தில் ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டும். போருக்குப் பிந்தியவற்றில், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், எட்டுநாளுக்கே விலை கூட, அது நியாயமும்கூட. மூன்றாவது எடை இருந்தால் பெரும்பாலும் இசைப்பெட்டி. அது ரூஜ் என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் தயாரிப்பு என்றால் நல்ல கூடுதல்தான், ஆனால் பழமைக்குச் சான்று அல்ல. "எடெல்வைஸ்" பாட்டை இசைக்கும் கடிகாரத்தைக் கொள்ளுத் தாத்தா காலத்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அந்தப் பாட்டே 1959-இல்தான் வந்தது.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வகையை இந்த வரிசையில் வைக்கவேண்டியதில்லை.

மதிப்பு என்று வரும்போது நான் பார்ப்பது ஒன்றே: எத்தனை பாகங்கள் பிறந்தபடியே இருக்கின்றன? துருத்தியின் கிழிந்த தோலை மாற்றியிருந்தால் பெரிய குறையில்லை, அது தேயவே செய்யும். மரக்குழலைத் தூக்கிவிட்டுப் பிளாஸ்டிக் வைத்திருந்தால் குறை. பழைய கூட்டுக்குள் புதிய மெஷினைப் பொருத்தியிருந்தால் பெருங்குறை. பின்பலகையில் பொருந்தாத பழைய ஆணித்துளைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். மான் கொம்பு ஒடிந்திருப்பதைவிட, கறுத்த மரத்தின் மேல் பளபளவென்று வார்னிஷ் அடித்திருப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கொம்பை மறுபடி செதுக்கலாம். நூறாண்டு நிறத்தை யாரும் திருப்பித் தரமுடியாது. விலையை ஒப்பிடும்போது, விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு ஏலங்களில் உண்மையில் கைமாறிய தொகையைத் தேடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரியது. "மேற்கு ஜெர்மனி" காலத்து ஒருநாள் கடிகாரங்கள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்கு, விற்றுக் கிடைக்கும் பணத்தைவிடப் பழுதுபார்க்கும் கூலி அதிகம்.

தினமும் வீட்டில் கூவவேண்டும் என்பதே ஆசையென்றால் போருக்குப் பிந்திய எட்டுநாள் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிப் பாகமும் கிடைக்கும், முழு மெஷினையே மாற்றவும் முடியும். சேர்த்துவைக்க வேண்டுமென்றால், ஓடாமல் நின்றுபோயிருந்தாலும் அந்தக் கறுத்த சின்ன வீட்டை எடுப்பேன். மரச்சட்டத்தைப் பார்த்தபிறகு மான் தலைப் பக்கம் திரும்ப எனக்கு மனம் வருவதில்லை.