கப்பல் ஓட்டும் கிளிக்கு நான் வைத்த கடன்

எஸ்கேப் வெலாசிட்டி நோவா என்ற கணினி விளையாட்டைப் பற்றித்தான் இந்த விமர்சனம். வந்தது 2002-ல், இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். நாலு வருஷம் இதை விளையாடியிருக்கிறேன், ஒரு பைசா கொடுத்ததில்லை, அதை விற்ற கம்பெனியும் இப்போது இல்லை. விமர்சனமாவது ஒழுங்காக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ராயப்பேட்டையில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பாக்கெட் நாவல், நடுநடுவே கம்ப்யூட்டர் பாடப் புத்தகம் என்று எல்லாம் ஓடும். கடையில் இரண்டு மேக், அதாவது ஆப்பிள் கணினி. ஒன்றை முதலாளி யாரையும் தொட விடமாட்டார், இன்னொன்றில் நானும் செல்வமும் மாறி மாறி உட்கார்ந்து பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுவோம். ராத்திரி வேலையில், பிலிம் அவுட்புட் எடுக்கப் போன பையன் திரும்பி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மேக்குக்கு அப்போது இந்த ஊரில் விளையாட்டு கிடைப்பதே அபூர்வம். யாரோ கொண்டுவந்த ஒரு சிடியில் முதலில் பழைய எஸ்கேப் வெலாசிட்டி கிடைத்தது, அப்புறம் நோவா.

அதன் முதல் பக்கத்தில் இருந்த பெயர் ஆம்ப்ரோசியா சாஃப்ட்வேர். நியூயார்க் மாகாணத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். கோடாக் கம்பெனி இருக்கும் அதே ராச்செஸ்டர்தான், பிலிமோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு அது ஒரு சின்ன சந்தோஷம். ஆண்ட்ரூ வெல்ச் என்பவர் 1992-ல் மேல்ஸ்ட்ரோம் என்று ஒரு விளையாட்டு எழுதினார். நடுவில் ஒரு கப்பல், சுற்றிலும் மிதந்து வரும் பாறைகள், சுட்டுத் தூள் பண்ண வேண்டும், அவ்வளவுதான். அடாரி காலத்து ஆஸ்டிராய்ட்ஸ் விளையாட்டின் வாரிசு. ஆனால் அதில் இருந்த படத்தின் சுத்தமும் சத்தமும் அந்தக் காலத்து மேக்கில் வேறு யாரும் தராதவை. அதற்குப் பிறகு 1993-ல் கம்பெனி தொடங்கினார்.

இங்கே ஒரு கிளைக்கதை. அந்த மேல்ஸ்ட்ரோமை சாம் லாண்டிங்கா என்ற இளைஞர் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்குக் கொண்டுபோனார். அவர்தான் 1998-ல் எஸ்டிஎல் என்ற நிரல் தொகுப்பை, அதாவது விளையாட்டு எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களை, உருவாக்கியவர். இன்றைக்கு நீங்கள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கும் எத்தனையோ விளையாட்டுகளுக்கு அடியில் அந்த எஸ்டிஎல் இருக்கிறது. பாறை சுடும் விளையாட்டு எங்கெல்லாம் போய்ச் சேருகிறது பாருங்கள்.

மேல்ஸ்ட்ரோமுக்குப் பிறகு அபைரான், ஸ்வூப், பராக் என்று பழைய ஆர்கேட் விளையாட்டுகளைத் தேய்த்து மெருகேற்றி வரிசையாக விட்டார்கள். எல்லாவற்றையும் உள்ளேயே எழுதவில்லை. வெளியே தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களின் விளையாட்டுகளையும் எடுத்து விற்றார்கள், பின்லாந்துக்காரர் ஒருவர் எழுதிய அவாரா உட்பட. எனக்குப் பிடித்தது ஹாரி தி ஹேண்ட்சம் எக்ஸிக்யூட்டிவ். ஆபீஸில் சக்கர நாற்காலியில், அதாவது சுழல் நாற்காலியில், உருண்டுகொண்டே ஸ்டேப்ளரால் சுடுகிற ஒரு அதிகாரி. ராத்திரி ஷிப்டில் நானும் செல்வமும் அதே மாதிரி நாற்காலியில் உருண்டு பார்த்து ட்ரேசிங் பேப்பர் கட்டைக் கவிழ்த்தது தனிக்கதை. விளையாட்டு மட்டுமில்லை, திரையைப் படம் பிடிக்கும் ஸ்னாப்ஸ் ப்ரோவும் அவர்களுடையதுதான். கம்ப்யூட்டர் பாடப் புத்தகங்களுக்கு மெனு படங்கள் எடுக்க அதைத்தான் வைத்திருந்தோம். அப்புறம் ஒலியைப் பதிவு செய்யும் வயர்டேப் ப்ரோ.

இதெல்லாம் ஷேர்வேர். இந்த வார்த்தையே இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். விளையாட்டைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள், நண்பனுக்கும் காப்பி போட்டுக் கொடு என்பார்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்பு. நம்மூரில் மாம்பழக்காரர் ஒரு கீற்று அறுத்து நீட்டுவது மாதிரி, ஆனால் இவர்கள் கூடையையே வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை பேர் பணம் அனுப்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் அனுப்பவில்லை. நோவாவின் விலை 30 டாலர், அன்றைய கணக்கில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல். அது பெரிய தொகை, என்னிடம் கார்டும் கிடையாது. ஆனால் கார்டு இருந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன், அதுதான் உண்மை.

இதற்கு அவர்கள் வைத்திருந்த வைத்தியம்தான் கிளி.

அந்த ஆபீஸில் ஹெக்டர் என்று ஒரு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இருந்தது. அதை அப்படியே கேப்டன் ஹெக்டர் என்று விளையாட்டுக்குள் ஏற்றிவிட்டார்கள். நீங்கள் உங்கள் பாட்டுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு கப்பல் பக்கத்தில் வந்து, இத்தனை நாளாக விளையாடுகிறாய், பதிவு செய்யலாமே என்று பணிவாகக் கேட்கும். தினமும் கேட்கும். 30 நாள் கழிந்ததும் பணிவு போய்விடும், சுட ஆரம்பித்துவிடும். அதன் கப்பலை வீழ்த்துவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. கிளி ஜோசியத்தில் கிளி ஒரு நெல்லுக்குச் சீட்டு எடுத்துப் போட்டுவிட்டுக் கூண்டுக்குள் போய்விடும், இந்தக் கிளி கூண்டுக்கு வெளியே ஏவுகணையோடு நிற்கும். பணம் கேட்பதற்கு இவ்வளவு அழகான வழியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எரிச்சல் வராது, வெட்கம் வரும், வெட்கத்தோடு ஓடிப் போய் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவிவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு “டேய், கிளி வந்துடுச்சு” என்று செல்வம் கத்துவது இப்போதும் காதில் இருக்கிறது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். மேலிருந்து பார்க்கிற மாதிரி விண்வெளி, கையில் ஒரு சின்ன ஷட்டில். உணவு, உலோகம், மருந்து என்று ஒரு கிரகத்தில் மலிவாக வாங்கி இன்னொன்றில் விற்கலாம். மதுக்கடையில் உட்கார்ந்தால் யாராவது வந்து வேலை கொடுப்பார்கள், அல்லது துணைக் கப்பலைக் கூலிக்கு அமர்த்தலாம். எதிரிக் கப்பலை முடமாக்கி உள்ளே ஏறிக் கொள்ளையடிக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் கப்பலையே எடுத்துக்கொள்ளலாம். போதுமான பலம் வந்தபிறகு ஒரு கிரகத்தையே மிரட்டிக் கப்பம் வாங்கலாம்.

கையில் பிடித்து ஓட்டும்போதுதான் இதன் அருமை தெரியும். பெரும்பாலான கப்பல்களுக்கு பிரேக் என்பதே கிடையாது. ஒரு பக்கம் உந்தினால் அந்தப் பக்கமே மிதந்து போய்க்கொண்டிருக்கும், நிற்க வேண்டுமென்றால் கப்பலைப் பின்பக்கம் திருப்பி எதிர்த்து உந்த வேண்டும். முதல் இரண்டு நாள் எந்தக் கிரகத்திலும் இறங்க முடியாமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கை பழகியதும் ஒரு வித்தை தெரிந்தது: வேகமாக ஒரு திசையில் போய்க்கொண்டே மூக்கை மட்டும் பின்னால் திருப்பினால், துரத்தி வருகிறவனைப் பார்த்தபடி சுட்டுக்கொண்டே ஓடலாம். உங்களைவிடப் பத்து மடங்கு பெரிய கப்பல்கூட இதற்கு மசியும். கிளி மசியாது.

கதையும் சாமானியமில்லை. ஃபெடரேஷன் என்று ஓர் அரசு, அதை உள்ளிருந்து ஆட்டிவைக்கிற உளவுத்துறை. அவர்களிடம் அடிமையாக இருக்கிற, மனத்தால் பேசும் வெல்-ஓஸ் மக்கள். மானத்துக்காகச் சண்டை போடும் அரோரன் குலங்கள். உயிருள்ள கப்பல்களை வளர்க்கிற, யாரையும் உள்ளே விடாத போலாரிஸ். ஆறு பெரிய கதைப் பாதைகள், ஓர் ஆட்டத்தில் ஒன்றுக்குள் மட்டும்தான் போக முடியும். எந்தப் பாதைக்குள் போகிறோம் என்பதும் முதலில் தெரியாது. யாரோ ஒரு பொட்டலம் கொண்டுபோகச் சொல்வார்கள், சரி என்பீர்கள், பத்து வேலை கழித்துப் பார்த்தால் ஓர் அரசாங்கத்தின் கையாளாக இருப்பீர்கள். இதில் நல்லவர் என்று முத்திரை குத்தி யாரையும் வைக்கவில்லை, நான் இதற்கு முழு மார்க் போடுகிற இடம் இது.

இது உருவான விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் எஸ்கேப் வெலாசிட்டியை 1996-ல் எழுதியவர் மாட் பர்ச். இரண்டாவதான ஓவர்ரைடு, பீட்டர் கார்ட்ரைட்டின் கதையோடு 1998-ல் வந்தது. விளையாட்டின் தரவெல்லாம் ரிசோர்ஸ் கோப்பாக வெளிப்படையாக இருந்ததால், ஆப்பிளின் ரெஸ்எடிட் என்ற திருத்தும் கருவி இருந்தால் யார் வேண்டுமானாலும் திறந்து கப்பலின் விலையிலிருந்து கதை வரை மாற்றலாம். அப்படி ஓவர்ரைடுக்கு ரசிகர்கள் எழுத ஆரம்பித்த ஒரு செருகலே (plug-in) வளர்ந்து, மாட் பர்ச்சும் சேர்ந்து, நோவா ஆனது. தமிழ் விசைப்பலகையை மாற்றியமைக்க நாங்கள் ரெஸ்எடிட்டைத் திறந்து பழகியிருந்ததால் எனக்கு இது கைவந்த கலை. என் ஷட்டிலில் ஒரு காலத்தில் போர்க்கப்பலின் பீரங்கி இருந்தது. ஹெக்டர் வந்தபோது அதுவும் போதவில்லை.

குறைகள் உண்டு. கூலிக்கு அமர்த்தின துணைக் கப்பல்கள் சுத்த மக்கு, எதிரி வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கம் போய் நிற்கும். படிக்க வேண்டிய எழுத்து அதிகம், அதுவும் பொடிப்பொடியாக. அடுத்த வேலை எந்த மதுக்கடையில் வரும் என்று சொல்லமாட்டார்கள், கிரகம் கிரகமாக இறங்கி ஏற வேண்டும், ஒருமுறை மூன்று ராத்திரி இதிலேயே போனது. பதிவு செய்யாதவர்களுக்கு 30 நாளுக்குப் பிறகு சில கதைகள் திறக்கவும் திறக்காது. அது குறை என்று நான் சொல்லக் கூடாது.

அப்புறம் உரிமக் கோடு (code), அதாவது பணம் கட்டினால் விளையாட்டைத் திறக்கக் கொடுக்கும் குறியீடு. ஆரம்பத்தில் எல்லாம் நம்பிக்கையில் ஓடியது. திருட்டுக் கோடுகள் இணையத்தில் சுற்ற ஆரம்பித்த பிறகு, கோடுக்குள்ளேயே தேதி வைத்தார்கள். காலம் கடந்த கோடைப் புதிதாக நிறுவும் மெஷினில் போட்டால் ஏற்காது, அவர்களிடம் கேட்டால் இலவசமாகவே புதிய கோடு கொடுப்பார்கள். கம்பெனி இருக்கும்வரை நல்ல ஏற்பாடு. ஆனால் மேக்குக்கு மட்டுமே பிரதானமாக எழுதுகிற சின்னக் கம்பெனிக்கு ஆயுள் ஆப்பிள் கையில். 2001-ல் ஓஎஸ் டென் என்ற புது இயங்குதளம், 2006-ல் இன்டெல் சிப், அதற்குப் பிறகு ஐபோன் வந்து 99 சென்ட்டுக்கு விளையாட்டு விற்கிற காலம். ஒவ்வொரு முறையும் பழைய சரக்கையெல்லாம் திரும்ப எழுத வேண்டும், அதற்குப் புதிதாக யாரும் காசு தரமாட்டார்கள். நோவா 2003-ல் விண்டோஸுக்கும் வந்தது, இருந்தும் கம்பெனி 2010-களில் மெதுவாக இளைத்து, கடைசியில் இணையதளமே காணாமல் போனது. ஆப்பிளும் 2019-ல் நோவா மாதிரியான பழைய 32 பிட் நிரல்களை ஓடவிடாமல் நிறுத்தியது. மேக்கில் கதை முடிந்தது.

கோடு கொடுக்கும் சர்வரும் அதோடு போயிற்று. 30 டாலர் கொடுத்த ஆள் புதுக் கணினியில் போட்டால், கணினியின் தேதியைப் பழைய காலத்துக்குத் திருப்பி வைத்து ஏமாற்றினால்தான் உண்டு. இல்லையென்றால் காசு கொடுத்தவரையும் கொடுக்காத என்னையும் கிளி ஒரே மாதிரி சுடும். எனக்கு இது உறுத்தியது. அவர்கள் பூட்டுப் போட்டது என் மாதிரி ஆட்களால்தான், அந்தப் பூட்டில் மாட்டிக்கொண்டது ஒழுங்காகப் பணம் அனுப்பினவர்கள்.

2020 ஊரடங்கில் சும்மா இருந்தபோது நோவா ஞாபகம் வந்தது. இப்போது கார்டு இருக்கிறது, 30 டாலரும் இருக்கிறது. வாங்கலாம் என்று தேடினால் கடையே இல்லை. கம்பெனியைத் தொடங்கின வெல்ச் இணையதள வேலைகள் பக்கம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தச் சமயத்தில் ஓவர்ரைடைப் புதுப்பித்துக் கொண்டுவர கார்ட்ரைட்டும் சேர்ந்து பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள், அங்கே போய் அந்தத் தொகையைப் போட்டேன். கணக்கு சரியாகாது, தெரியும். செல்வத்துக்கு போன் பண்ணிச் சொன்னேன், “வட்டி எங்கடா?” என்றான்.

இன்றைக்கு விளையாட வேண்டுமென்றால்: விண்டோஸில் ரசிகர்கள் செப்பனிட்ட நோவா பதிப்பு தேடினால் கிடைக்கும், புதிய திரைகளிலும் ஒழுங்காக ஓடுகிறது. முதல் பத்து மணி நேரம் சண்டைக்கே போகாதீர்கள், சரக்கு ஏற்றிப் பணம் சேர்த்து ஷட்டிலை மாற்றுங்கள். பழசு வேண்டாம் என்பவர்களுக்கு, இதே பாணியில் மைக்கேல் ஸானைசர் தொடங்கிய எண்ட்லெஸ் ஸ்கை இருக்கிறது. 2015 முதல் ஸ்டீமில் இலவசம், திறந்த மூலம், மேக், லினக்ஸ், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். துணைக் கப்பல்களுக்கு அதில் கொஞ்சம் மூளையும் உண்டு. பையனுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆறு மணி நேரமாக விளையாடுகிறான், பக்கத்தில் வந்து ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.