எங்கள் ஊர்ச் சந்தைக் கூடம்: ஓராண்டுக்குப் பிறகு

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், வாரச் சந்தையையும் ஊர்ப் பொது நிகழ்ச்சிகளையும் ஒரே கூரையின்கீழ் நடத்துவதற்கென்று கட்டிய கூடம் திறந்து ஓராண்டு ஆகிறது. வியாழன்தோறும் அங்கே காய்கறி வாங்குகிறவன், சென்ற மாதம் பேத்தியின் காதணி விழாவை அங்கேயே நடத்தியவன் என்ற இரு முறையிலும் இதை எழுதுகிறேன்.

கூடத்தின் வரைபடத்தை வரைந்தவர் செட்டிநாட்டு வீட்டின் வளவை, அதாவது நடு முற்ற அமைப்பை, நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தூண் வரிசையும் ஓட்டுச் சார்ப்பும் என்று அமைத்திருப்பதால், சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போக, வெளிக்காற்று தூண்களுக்கிடையே உள்ளே வருகிறது. சித்திரை மாதத்திலும் நண்பகல்வரை மின்விசிறி இல்லாமல் உட்கார முடிகிறது. ஓட்டில் விழும் மழைநீர் முற்றத்தில் சேர்ந்து, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வெளிப்புறத் திண்ணை. சந்தை நாளில் கீரைக்காரப் பெண்கள் அதில் கடை விரிக்கிறார்கள். மற்ற நாள்களில் என்னைப் போன்றவர்கள் செய்தித்தாள் விரிக்கிறோம். ஒரு பயனிலிருந்து மற்றொன்றுக்கு மாற அங்கே யாரும் எதையும் நகர்த்த வேண்டியதில்லை.

உள்ளே அப்படியில்லை. இரட்டைப் பயனுள்ள கட்டடத்துக்குச் சந்தை முடிவதற்கும் நிகழ்ச்சி தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரமே சோதனை. அதில்தான் இக்கூடம் தடுமாறுகிறது. தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்துக் கையால் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் இக்கல் வீட்டுக்கும் மேடைக்கும் அழகு. மீன் கழுவிய நீரும் கருவாட்டு உப்பும் விழும் இடத்தில் கறையை உறிஞ்சிக்கொள்கிறது, ஈரத்தில் வழுக்கவும் செய்கிறது. வடபுறத்து மீன் பகுதியில் மட்டுமாவது சொரசொரப்பான கருங்கல் பலகையைப் போட்டிருக்கலாம். நாற்காலி ஆடக்கூடாது என்று தரையை மட்டமாக வைத்ததும் பிழைதான்: மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு கொடுத்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும், நாற்காலியும் ஆடாது.

எங்கள் விழா வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் அமைந்தது. முந்தைய நாள் மாலை பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை கழுவச் சொல்லியும், சைவப் பந்தியில் இலை போட்டதும் என் மைத்துனர், “என்ன மச்சான், மீன் எப்ப வரும்?” என்று கேட்டுவிட்டார்.

சாமான் அறை இல்லாதது அடுத்த குறை. நம் பழைய வீடுகளில் வளவைச் சுற்றி அறைகளை வைத்துத்தான் புழங்கினார்கள். இங்கே வளவை எடுத்துக்கொண்டு அறைகளை விட்டுவிட்டார்கள். ஆகவே பலகை, தார்ப்பாய், தராசு எல்லாம் மேடைமேல் ஏறிவிட்டன. வசந்த விழாவுக்கென்று திருமலை நாயக்கர் எழுப்பிய மதுரைப் புது மண்டபம் பல தலைமுறைகளாகத் தையற்கடைகளும் புத்தகக் கடைகளும் நிறைந்திருந்தது நினைவுக்கு வருகிறது. அதற்காவது சிற்பச் சிறப்பு உண்டு, எங்கள் மேடைக்கு அதுவும் இல்லை. மே 1 போன்ற கிராம சபை நாள் வியாழனில் வந்தால், கூட்டத்தை எங்கே கூட்டுவது என்பதையும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கழிப்பறை இரண்டே, சாவி காவலாளியிடம்.

இவ்வளவுக்குப் பிறகும், தனியார் மண்டபத்து வாடகையை நினைத்தால் மீண்டும் இங்கேதான் வருவேன். விழா வைப்பவர்கள் வியாழன், வெள்ளி இரண்டையும் தவிர்த்து நாள் பாருங்கள். மேடையை முதல் நாளே காலி செய்து தருவதாக ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.